பொறுமையும் மரத்துப்போதலும்

தீமைகளுள் திடீரென வருவன சில. மெல்ல வருவன பல. திடீரென வருவதை மனிதன் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறான். புயற்காற்றில் கூரை பறந்தால், அன்றே அயலாரைத் துணைக்கழைத்து அதனைச் சீர்செய்கிறான். மெல்ல வரும் தீமையோ அவனுடைய பழக்கங்களுள் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. அது வளர வளர, அதனைத் தாங்கும் ஆற்றலும் அவனிடம் வளர்கிறது. அந்த ஆற்றலுக்கு அவன் 'பொறுமை' என்று பெயரிட்டுக்கொள்கிறான். அப்பெயர் அதற்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

இதற்கு விடை காணப் பெரிய தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. ஒரு மோட்டார் சைக்கிளின் கிளச் கம்பியே போதும்.

ஈப்போவுக்குத் தெற்கே, கோப்பேங் செல்லும் சாலையில் உள்ளது சிம்பாங் பூலாய். கேமரன் மலைக்குச் செல்லும் சாலை பிரிவதும் அங்கேதான். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த ஊர் அது. அக்குன்றுகளிற் சிலவற்றில் கல்லுடைப்பு நடைபெறுகிறது. கல்லேற்றிய லாரிகள் எழுப்பும் வெண்புழுதி ஒருபுறம்; ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேலாகப் பொழியும் கிந்தாப் பள்ளத்தாக்கின் மழை மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையேதான் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் மக்கள் நாள்தோறும் வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுக்குக் கால்களாக விளங்குவது மோட்டார் சைக்கிள்.

'கப்சாய்' என்று மலேசிய மக்கள் அழைக்கும் சிறு வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் கிளச் பிடியே கிடையாது. 1958ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா கப் வண்டியின் வழிவந்த அமைப்பு அது. சுழற்சியின் விசையாலேயே கிளச் இயங்கும். ஆனால் 1980களில் இளைஞர்களின் மனத்தைக் கவர்ந்த யமஹா ஆர்எக்ஸ்இசட் போன்ற வண்டிகளில் இடக்கையால் பிடியை இழுத்தால்தான் கியர் மாற்ற இயலும். கையின் கட்டளையை எஞ்சினுக்குக் கொண்டுசேர்ப்பது உறைக்குள் ஓடும் ஒரு கம்பி. எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் 1896இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. உள்ளிருக்கும் முறுக்குக் கம்பி இழுவையைத் தாங்குகிறது; சுருள்கம்பியாலான வெளியுறை அதற்கு ஈடான அழுத்தத்தைத் தாங்குகிறது. ஒன்று இழுபட, மற்றொன்று எதிர்நிற்க, இரண்டும் சேர்ந்தே தொழில் நடைபெறுகிறது.

இக்கம்பி ஒரே நாளில் இறுகிவிடுவதில்லை. பிடியின் அருகே உறையின் வாய் மேல்நோக்கி இருப்பதால், மழைநீர் அவ்வழியே இறங்கித் தாழ்ந்த வளைவில் தங்குகிறது. புழுதி அதனோடு கலந்து அரைமாவாகிறது. கம்பியில் துரு படிகிறது. பின்னர், அடிக்கடி வளையும் நுனிக் குமிழின் அருகில், கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. அறுந்த இழையின் முனை உறையின் உட்புறத்தைச் சுரண்டுகிறது. அந்தச் சொரசொரப்பே கையில் உணரப்படுகிறது.

வளைந்து செல்லும் கம்பியில் உராய்வு எவ்வாறு பெருகும் என்பதற்கு ஆய்லரின் கணக்கு ஒன்று உண்டு. உறையின் வளைவுகள் யாவும் சேர்ந்து ஓர் அரைவட்டம் ஆகுமெனின், உராய்வுக் கெழு 0.1 அளவில் இருக்கும்போது, எஞ்சின் பக்கம் வேண்டப்படும் விசையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு பிடியின் பக்கம் இழுத்தால் போதும். கெழு 0.3 ஆக உயர்ந்தால் இரண்டரை மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். எஞ்சின் கேட்பது மாறவில்லை. இடையிலுள்ள துருதான் தன் பங்காகக் கூடுதல் வரி வாங்குகிறது.

அந்த வரியைச் செலுத்தும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அதிகாலையில் மகளைப் பின்னிருக்கையில் அமர்த்தித் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குச் செல்பவர் அவர். வண்டியின் பிடி சிறிது கடினமாயிருக்கிறது. அடுத்த மாதம் மேலும் கடினமாகிறது. அவருடைய கையும் அதற்கேற்ப வலுப்பெறுகிறது. "இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா? ஓடும்வரை ஓடட்டும்," என்கிறார். உழைத்துப் பழகிய கை. முறையிட்டுப் பழகாத வாய். அவருடைய சொல்லில் ஆரவாரம் இல்லை, தன்னலம்கூட இல்லை. எனவே அது பொறுமையைப் போலவே ஒலிக்கிறது.

ஆயினும் அது பொறுமையன்று. வள்ளுவர் பொறையுடைமையை அறத்துப்பாலில், இல்லறவியலில் வைத்தார். தமக்குத் தீங்கிழைத்தவரைப் பொறுத்தலே அவ்வதிகாரத்தின் சாரம். அது மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான பண்பு. பொச்சாவாமையையோ பொருட்பாலில், அரசியலுள் வைத்தார். காக்க வேண்டியதை மறவாமையே அதன் பொருள். துருவுக்கு மன்னிப்பு வேண்டியதில்லை. மன்னித்தாலும் அது திருந்தப்போவதில்லை. பிறர் பிழையிடம் காட்ட வேண்டிய பொறையைத் தன் கடமையின் பிழையிடம் காட்டுவது, ஓர் அறத்தின் ஆடையை ஒரு மறதிக்கு அணிவிப்பதாகும்.

மேலும், அந்தத் துன்பம் அவருடையது மட்டும்தானா? சந்திப்பின் விளக்கு சிவப்பாயிருக்க, கியரைப் போட்டுப் பிடியை இழுத்தபடி லாரியின் பின்னே நிற்கும் வேளையில் எஞ்சிய இழைகள் அறுந்தால், கிளச் நொடியில் பற்றிக்கொள்ளும்; வண்டி முன்னே பாயும். அப்போது பின்னிருக்கையில் இருப்பவள், "என் கை தாங்கும்" என்று சொன்னவள் அல்லள். தாங்குபவர் ஒருவர், விலை கொடுப்பவர் மற்றொருவர் எனின், அத்தாங்குதலைத் தியாகம் என்று புகழ இயலாது.

இங்கே மறுப்பொன்று எழலாம். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தலைமுறைகள் தாங்கியிராவிட்டால் அவர்களுடைய பிள்ளைகள் இன்று இருப்பார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாற்றும் வழி கையில் இல்லாதபோது தாங்குவது குற்றமன்று. அது வீரமும் ஆகும். ஆனால் அத்தலைமுறையும் தாங்குவதோடு நின்றுவிடவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தபோது, பால்வெட்டும் தொழிலாளர்களே தம் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கத் துணிந்தனர். வழியில்லாதபோது தாங்கினர், வழி தென்பட்டபோது செயற்பட்டனர். வழி தெரிந்த பின்னும் பழக்கத்தால் தாங்கிக்கொண்டிருப்பதே மரத்துப்போதல்.

செயற்படுவதிலும் அறிவு வேண்டும். முதலில் குறை எங்கே என்று அறிய வேண்டும். கம்பியை இருமுனையிலும் கழற்றி, கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தால் உண்மை தெரியும். கம்பி எளிதாக ஓடினால் குற்றம் அதனுடையதன்று. பிடியின் அச்சிலோ எஞ்சின் பக்கத்து நெம்புகோலிலோ உள்ளது. கம்பியே இறுகியிருந்தால், அதனைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்வாயில் மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழ்வாயில் அது தெளிவாக வெளிவரும்வரை காத்திருக்க வேண்டும். நைலான் உள்ளுறை கொண்ட கம்பியில் கெட்டிக் கிரீசை அடைத்தால் புழுதி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஓரிழையேனும் அறுந்திருந்தால் எண்ணெயால் பயனில்லை. புதுக்கம்பி மாற்றுவதே முறை. பேணத்தக்கது எது, விடத்தக்கது எது என்று பிரித்தறிவதும் பேணுதலின் ஒரு பகுதியே. புதுக்கம்பியையும் கூர்மையாக மடியாமல், பழைய கம்பி சென்ற வழியிலேயே இட்டு, ஹேண்டலை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

சிலர் பிடி கடினமானதும், திருத்தும் மரையைத் திருகிக் கம்பியை விறைப்பாக்குகின்றனர். அது மற்றொரு பிழை. பல வண்டிகளில் பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். அத்தளர்வு இல்லையேல் கிளச் தட்டுகள் முழுமையாகப் பற்றாமல் வழுக்கி எரியும். இறுக்கத்தைத் தீர்க்க மேலும் இறுக்குவது, வீட்டிலும் பள்ளியிலும்கூடப் பலர் செய்யும் தவறன்றோ?

கம்பியைச் செம்மை செய்துவிட்டு முதன்முறை பிடியை இழுப்பவரின் கை சற்றே ஏமாறும். பழைய கடினத்தை எதிர்பார்த்து அது வேண்டாத வலிமையோடு இழுக்கும். பிடியோ இரு விரல்களுக்கே இசைந்துவிடும். இத்தனை நாள் எவ்வளவு சுமந்தோம் என்பது சுமை நீங்கிய அந்த நொடியிலேதான் தெரிய வருகிறது. மறுநாள் காலை மகள் வழக்கம்போல் பின்னிருக்கையில் ஏறி அமர்வாள். என்ன மாறிற்று என்று அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.