நம்பினார் பேதையரோ?

நம்பிக் கெட்டாரைப் பேதையர் என்றல் பொருந்துமோ? பாரிஸ் நகரத்து வைத்தியன் மார்செல் பெத்தியோவின் சரித்திரம் இவ்வினாவை எழுப்புகின்றது. ஜெர்மானியர் ஆட்சிக்கு அஞ்சித் தப்பமுயன்ற யூதர் முதலாயினோரை ஆர்ஜென்தீனாவுக்கு அனுப்புவேனென்று கூறிப் பொருள் கவர்ந்து கொன்றனன். 1944 மார்ச்சு 11 இல் அவன் வீட்டுப் புகைபோக்கியினின்றெழுந்த தீநாற்றமே அவனைக் காட்டிக்கொடுத்தது. 26 கொலைகளுக்குக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 1946 மே 25 இல் சிரச்சேதஞ் செய்யப்பட்டான்.

மாண்டோர் பேதையரல்லர், வேறு புகலில்லாதவர். வைத்தியனை நம்பாது நோயாளி பிழைத்தல் கூடுமோ? ஆகலின் நம்பிக்கை குற்றமன்று. அதனை ஆயுதமாக்கினமையே குற்றம். கல்வி கையைப் பழக்கும். நெஞ்சைத் திருத்துதல் அதனால் தானே நிகழ்வதன்று.

உபாத்தியாயர்களே, பெற்றோர் தம் மக்களை ஆராயாது நம்மிடத்து ஒப்புவிக்கின்றனர். பிறர் ஆராயாவிடத்து நம்மை நாமே ஆராய்தல் நம் கடன்.