இரண்டு படுக்கைகள்

கோவையிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் போய், மதுரைச் சாலையைப் பிடித்தால் சின்னாளபட்டி. தறி ஓடும் ஊர். டாக்டர் டி.எஸ். சௌந்தரம் 1947-இல் இங்கே இரண்டே படுக்கைகளோடு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். டி.வி.எஸ். நிறுவனரின் மகள், இளவயதிலேயே கணவரை இழந்து, அதன்பிறகு டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தவர். பட்டணத்தில் வசதியாகத் தொழில் நடத்தியிருக்கலாம். நெசவாளர் வீட்டுப் பெண்களைத் தேடி வந்தார்.

1952-இல் ஆத்தூர் தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1957-இல் கொங்கின் தென்விளிம்பான வேடசந்தூர். பிறகு எம்.பி., மத்திய துணை அமைச்சர்.

பதவிகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஓட்டுக் கேட்க வருகிறவர் திண்ணையோடு நின்றுவிடுவார். பிரசவம் பார்க்கிற டாக்டரம்மா அடுப்படி வரை போவார். குடத்தில் இருப்பது எந்தக் கிணற்றுத் தண்ணீர், பிள்ளை பெற்றவள் காலையில் சாப்பிட்டாளா, இதெல்லாம் அவருக்கு யாரும் மனு எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அடுப்படியைப் பார்த்த கண்ணோடுதான் அவர் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருப்பார் என்று நம்புகிறேன்.

அந்த இரண்டு படுக்கைகள்தான் இன்று சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனை.