வென்ற டெண்டரும் காத்த வாக்கும்

2008 பிப்ரவரி 29. நடுவானில் மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் 179 விமானங்களை வாங்கும் ஒப்பந்தம் அமெரிக்காவின் நார்த்ராப் கிரம்மன், ஐரோப்பாவின் இஏடிஎஸ் ஆகிய நிறுவனங்களின் கூட்டணிக்குப் போகிறது என்று அமெரிக்க விமானப்படை அறிவித்தது. மதிப்பு ஏறத்தாழ 3,500 கோடி டாலர். தோற்ற போயிங் நிறுவனம் முறையீடு செய்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, மதிப்பீட்டில் பெரிய பிழைகள் நேர்ந்திருப்பதாகச் சொல்லி ஜூன் மாதம் அந்த முறையீட்டை ஏற்றுக்கொண்டது. முடிவு ரத்தானது. புதிதாகப் போட்டி நடந்து, 2011 பிப்ரவரி 24 அன்று போயிங் வென்றது. 372 கட்டாயத் தேவைகளையும் இரு தரப்பும் நிறைவேற்றியிருந்ததால் விலைதான் தீர்மானித்தது. கணக்கிட்டுச் சரிசெய்த விலையில் போயிங் கேட்டது சுமார் 2,060 கோடி டாலர். இஏடிஎஸ் கேட்டது சுமார் 2,260 கோடி.

கதை அங்கே நிற்கவில்லை. 2017 ஆகஸ்டுக்குள் 18 விமானங்கள் தர வேண்டியிருந்தது. முதல் விமானமே 2019 ஜனவரியில்தான் போய்ச் சேர்ந்தது. நிலையான விலைக்கு ஒப்புக்கொண்டிருந்த போயிங், கூடுதல் செலவைத் தானே சுமந்தது. இந்தத் திட்டத்தில் அது கணக்கில் காட்டிய இழப்பு 700 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இந்தப் போட்டிகளுக்கான முன்மொழிவுகளை எழுதியவர்களுக்கு ஒரு விருது தருவதென்றால், யாருக்கு, எந்தத் தேதியில் தருவது? 2008 மார்ச்சில் ஒரு பதில், 2011 மார்ச்சில் வேறு பதில், 2019இல் இன்னொரு பதில். எழுதியவர்களின் திறமை இந்தத் தேதிகளுக்கு இடையே மாறிவிடவில்லை. அப்படியானால் மனிதரின் எதைத்தான் பாராட்டுகிறோம்? செயலையா, அதன் விளைவையா? அறநூல்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவரும் இந்தக் கேள்வி, டெண்டர் எழுதும் தொழிலில் மிகக் கூர்மையாக எழுகிறது.

அந்தத் தொழில் பொதுமக்கள் கண்ணில் படுவதே இல்லை. ஒரு பாலம், ஒரு ரயில் சேவை, ஒரு மருத்துவமனைக் கணினி அமைப்பு என எதை வாங்குவதானாலும் அரசுகளும் பெருநிறுவனங்களும் முன்மொழிவு கேட்கின்றன. அதைத் தயாரிப்பதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். சென்னை, பெங்களூர் மென்பொருள் நிறுவனங்களில் ‘பிட் மேனேஜர்’, ‘ஆர்எஃப்பி டீம்’ என்று சொல்லப்படுபவர்கள் இவர்களே. இவர்களுக்கான ஏபிஎம்பி என்ற தொழில்முறைச் சங்கம் 1989இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதற்கென்று தேர்வுகளும் சான்றிதழ் படிநிலைகளும் ஒழுக்க நெறிமுறையும் உண்டு. விருதுகளும் உண்டு. தொழிலுக்குத் தொண்டு செய்த மூத்தவர்களை ‘ஃபெல்லோ’ ஆக்கி மதிப்பது ஒன்று. 40 வயதுக்கு உட்பட்ட 40 பேரைத் தேர்ந்து பாராட்டுவது இன்னொன்று.

இந்த விருதுகள் தேவையே, ஏனென்றால் இந்த வேலை எளிதானது அல்ல. அமெரிக்க அரசின் முன்மொழிவுக் கோரிக்கை ஒன்றில், எப்படி எழுத வேண்டும் என்பதை ‘எல்’ பிரிவு சொல்லும். எப்படி மதிப்பிடுவோம் என்பதை ‘எம்’ பிரிவு சொல்லும். பக்க வரம்பு, எழுத்தின் அளவு முதற்கொண்டு விதி இருக்கும். குறித்த நேரம் கடந்து வந்து சேர்ந்தால், சில அரிய விதிவிலக்குகள் நீங்கலாக, பல மாத உழைப்பு பரிசீலனைக்கே போகாது. பொறியாளர், வழக்கறிஞர், கணக்காளர் எனப் பலர் எழுதித்தருவதை ஒரே குரலாக்கி, ‘பிங்க் டீம்’, ‘ரெட் டீம்’, ‘கோல்ட் டீம்’ என்று கட்டம் கட்டமாக உள்ளுக்குள் தணிக்கை செய்து, அனுப்பிய பிறகே இவர்கள் தூங்கப் போகிறார்கள். கட்டி முடித்த பாலத்தின் கல்வெட்டில் இவர்கள் பெயர் இருக்காது. பெயரில்லாத உழைப்புக்குப் பெயர் கொடுப்பது நல்ல காரியம். எதற்காகக் கொடுக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

பிறரை இணங்கவைக்கும் கலை பாராட்டுக்கு உரியதா என்பதே முதல் சிக்கல். பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் இந்தக் கலையைச் சமையலோடு வைத்துப் பேசுகிறார். மருத்துவம் உடலுக்கு நல்லதைத் தேடுகிறது. சமையல் நாக்குக்குப் பிடித்ததைத் தருகிறது. நாவன்மை இரண்டாவது வகை என்பது அவர் குற்றச்சாட்டு. பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் வேறு வழியில் போனார். இணங்கவைத்துவிடுவது நாவன்மையின் வேலை ஆகாது; ஒவ்வொரு சூழலிலும் இணங்கவைப்பதற்கு எவையெல்லாம் உதவும் என்று கண்டறிவதே அதன் வேலை என்றார். அதற்கு அவரும் மருத்துவரையே சாட்சிக்கு அழைத்தார். பிழைக்க முடியாத நோயாளிக்கும் சிறந்த சிகிச்சை அளிக்க முடியும். நோயாளி இறந்ததால் மருத்துவர் மோசமானவர் ஆகிவிட மாட்டார்.

ஸ்டோயிக் மெய்யியலாளர்கள் இதை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். சிசரோ எழுதிவைத்திருக்கும் அவர்களுடைய உவமையில் ஒரு வில்லாளி வருகிறான். குறி பார்ப்பதும் நாணை இழுப்பதும் அவன் கையில் இருக்கின்றன; அம்பு விட்ட பிறகு வீசும் காற்று அவன் கையில் இல்லை. அவனுடைய நன்மை முழுவதும் எய்ததில் இருக்கிறது. பலனைப் பற்றாமல் செயலைச் செய்யச் சொல்லும் கீதையின் கர்ம யோகத்தை அறிந்த வாசகருக்கு இது அந்நியமாகப் படாது. 1976இல் தாமஸ் நேகல், பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற இரு தத்துவவாதிகள் ஒரே கருத்தரங்கில் இதன் மறுபக்கத்தைத் திறந்தார்கள். கையில் இல்லாத விஷயங்களுக்காகவும் மனிதர்களை நாம் இடைவிடாமல் புகழ்கிறோம், பழிக்கிறோம். அந்தப் பழக்கத்தை முழுவதுமாகக் கைவிடவும் முடியவில்லை என்பதைக் காட்டி, அதற்கு அறம் சார்ந்த அதிர்ஷ்டம் என்று பெயரிட்டார்கள்.

டெண்டர் உலகில் இந்த அதிர்ஷ்டத்தின் பெயர் வெற்றி விகிதம். பத்துக்கு ஆறு வென்றவர் சிறந்தவர், இரண்டு வென்றவர் சுமார் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், போட்டியாளர் எத்தனை பேர், வாங்குபவரின் மனத்தில் ஏற்கெனவே யார் இருந்தார், தன் நிறுவனம் என்ன விலைக்கு இறங்கியது என்பவையெல்லாம் எழுதியவர் கையில் இல்லை.

அதைவிட ஆழமான சங்கடம் ஒன்று உண்டு. வெற்றியே தவறின் அடையாளமாக இருக்கக்கூடும். 1971இல் கேப்பன், கிளாப், கேம்பெல் என்ற மூன்று எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள், எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நிலத்துக்குள் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது, எல்லோரும் மதிப்பிடுகிறார்கள், யார் மிக அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டாரோ அவரே ஏலத்தை எடுத்துவிடுகிறார். 1969இல் அலாஸ்காவின் வடசரிவில் நடந்த ஏலத்தில் வென்ற தொகைகளின் கூட்டல் 90 கோடி டாலர். இரண்டாம் இடத்துத் தொகைகளின் கூட்டல் வெறும் 37 கோடி. பொருளியலில் இதை வென்றவரின் சாபம் என்கிறார்கள். குறைந்த விலைக்கு முடித்துத் தருவதாகச் சொல்லி வெல்லும் டெண்டருக்கும் இதே சாபம் பொருந்தும்.

பிரிட்டனின் கிழக்குக் கடற்கரை ரயில் பாதை இந்தச் சாபத்தை மூன்று முறை அனுபவித்தது. லண்டனையும் எடின்பரோவையும் இணைக்கும் இந்தப் பாதையில் ரயில் ஓட்டும் உரிமைக்கு நிறுவனங்கள் அரசுக்குப் பணம் கட்டுவதாக வாக்களித்தன. 2005இல் ஜிஎன்இஆர் 130 கோடி பவுண்டு தருவதாகச் சொல்லி வென்றது. அடுத்த ஆண்டே கைவிட வேண்டியதாயிற்று. 2007இல் நேஷனல் எக்ஸ்பிரஸ் 140 கோடி பவுண்டுக்கு வந்தது. பொருளாதார மந்தம் தாக்க, 2009 நவம்பரில் அரசே ரயிலை ஓட்ட வேண்டியிருந்தது. 2014இல் ஸ்டேஜ்கோச் – விர்ஜின் கூட்டணி 330 கோடி பவுண்டு என்றது. 2018 ஜூனில் அதுவும் முடிந்து, பாதை மறுபடி அரசிடம் வந்தது. தாய் நிறுவனத்தின் திவால், மந்தம், தண்டவாள மேம்பாட்டில் தாமதம் என ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணங்கள் உண்டு. பயணிகள் வருவாய் வளர்ந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கை மட்டும் மூன்றுக்கும் பொது. வென்ற நாளில் மூன்றுமே அபாரமான முன்மொழிவுகள்.

வில்லாளி உவமை இந்த இடத்தில் போதாமல் போகிறது. அம்பு யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை, டெண்டர் கொடுக்கிறது. இத்தனை நாளில், இத்தனை பணத்தில், இந்தத் தரத்தில் செய்து தருகிறோம் என்று ஒரு பொதுச் சமூகத்திடம் கையெழுத்திட்டுச் சொல்லும் சொல் அது. 1785இல் வெளியான தம் அறவியல் நூலில் கான்ட், திருப்பித் தர முடியாது என்று தெரிந்தும் தருவதாகச் சொல்லிக் கடன் வாங்குபவனை எடுத்துக்காட்டாக வைத்தார். எல்லோரும் அப்படிச் செய்தால் வாக்கு என்பதே பொருளிழந்துவிடும் என்பது அவர் வாதம். நிறைவேற்ற முடியாது என்று தெரிந்தே விலையைக் குறைத்து எழுதி, வேலை கிடைத்த பிறகு கூடுதல் கேட்டுக்கொள்ளலாம் என்று போடும் டெண்டர் அந்தக் கடனின் நேர் வாரிசு.

எனவே, எழுதியவரின் பொறுப்பு சரியான இடத்தில் வந்து நிற்கிறது. எதிர்காலம் அவர் கையில் இல்லை. எதிர்காலத்தைப் பற்றித் தாம் சொல்வது எவ்வளவு உறுதியானது என்று நேர்மையாகச் சொல்வது அவர் கையில் இருக்கிறது. பாராட்ட வேண்டியது அதைத்தான்.

திருக்குறளின் அமைப்பு இதற்கு ஒரு தெளிவைத் தருகிறது. பொருட்பாலில் அமைச்சருக்குரிய பகுதியில் 65ஆம் அதிகாரம் சொல்வன்மை. அடுத்து 66ஆம் அதிகாரம் வினைத்தூய்மை, அதன் பின் 67ஆம் அதிகாரம் வினைத்திட்பம். கேட்பவரைக் கட்டும் சொல்லாற்றலை வள்ளுவர் இழிவாக நினைக்கவில்லை. அதற்கென்று பத்துக் குறள் ஒதுக்கியிருக்கிறார். அதைத் தொடர்ந்து செயலின் தூய்மையையும் உறுதியையும் வைத்திருக்கிறார். சொல்லில் வல்லவர் அடுத்த இரண்டு தேர்வுகளையும் எழுதியாக வேண்டும் என்று இந்த வரிசையைப் படிக்கலாம்.

தோற்றவர்கள் நிலை என்ன? 1401இல் ஃபிளாரன்ஸ் நகரத்து ஞானஸ்நான ஆலயத்தின் வெண்கலக் கதவுகளுக்காக ஒரு போட்டி நடந்தது. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடத் துணியும் காட்சியை வடித்துக் காட்ட வேண்டும். கிபெர்ட்டி வென்றார், புருனெல்லெஸ்கி தோற்றார். கிபெர்ட்டியின் பலகைக்கு வெண்கலம் குறைவாகச் செலவானது. பெரும்பகுதியை ஒரே வார்ப்பாக எடுத்திருந்தார். ஆக, அன்றும் கலையோடு செலவும் கணக்கில் இருந்தது. அந்த நகரம் தோற்ற பலகையையும் தூக்கி எறியவில்லை. இரண்டும் இன்று பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தோற்ற புருனெல்லெஸ்கிதான் பிற்காலத்தில் அதே நகரப் பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தைக் கட்டினார்.

நேர்மையான விலை சொன்னதால் தோற்ற முன்மொழிவுகள் எத்தனையோ. ‘இந்த வேலையை நம்மால் செய்ய முடியாது, டெண்டர் போட வேண்டாம்’ என்று தன் முதலாளியிடம் துணிந்து சொன்ன பிட் மேனேஜர்களும் உண்டு. தொழிலில் இதை ‘நோ பிட்’ என்பார்கள். அது காகிதமாகக்கூட மிஞ்சுவதில்லை. வெற்றியை மட்டும் எண்ணும் விருதுக்கு இந்த அறச்செயல் கண்ணிலேயே படாது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. வெற்றி கண்ணுக்குத் தெரியும் ஆதாரம். நேர்மையை எப்படி அளப்பது? வேலை முடியும்வரை காத்திருந்தால் எழுதியவர் ஓய்வே பெற்றுவிடுவார். வேலை கெட்டுப்போனால் அது களத்தில் இருந்தவர்கள் குற்றமாகவும் இருக்கலாம்.

நோபல் பரிசு இதே இடைஞ்சலைச் சந்தித்தது. முந்தைய ஆண்டில் மனிதகுலத்துக்கு மிகுந்த பயன் தந்தவர்களுக்கே பரிசு என்று ஆல்ஃபிரட் நோபல் தம் உயிலில் எழுதியிருந்தார். 1926ஆம் ஆண்டின் மருத்துவப் பரிசு, ஒரு வகைப் புழுவால் புற்றுநோய் உண்டாகிறது என்று கண்டதாகச் சொன்ன யோஹானஸ் ஃபிபிகருக்குப் போயிற்று. பிறகு அந்த முடிவு தவறென்று தெரியவந்தது. இன்று பரிசுக் குழுக்கள் ஒரு கண்டுபிடிப்பு காலத்தால் உறுதிப்படப் பல ஆண்டுகள், சில வேளை பல பத்தாண்டுகள் காத்திருக்கின்றன. அந்தப் பொறுமையால் பரிசின் மதிப்பு குறையவில்லை.

நேர்மையை ஓரளவு பார்க்கவும் முடியும். அபாயங்களை முன்மொழிவு வெளிப்படையாகச் சொன்னதா? விலைக்குப் பின்னால் இருந்த அனுமானங்கள் எழுத்தில் இருந்தனவா? அமெரிக்கக் கூட்டரசுக் கொள்முதல் விதிகளின்படி, தோற்றவர் முடிவு தெரிந்த மூன்று நாளுக்குள் கேட்டால், அவருடைய முன்மொழிவின் பலவீனங்களை அரசு விளக்கிச் சொல்ல வேண்டும். அந்த விளக்கத்தைக் கொண்டு ஒரு குழு அடுத்த முறை எதைத் திருத்தியது என்பதும் தடயம் உள்ள விஷயமே. களத்தில் நேர்ந்த தவறையும் எழுத்தில் இருந்த தவறையும் பிரித்துப் பார்க்க, அந்தத் தொழிலில் ஊறிய நடுவர்களால் நிச்சயம் இயலும்.

ஏபிஎம்பி போன்ற சங்கங்களின் நடுவர் குழுக்களும், தங்கள் ஊழியர்களைக் கௌரவிக்கும் நிறுவனங்களும் விண்ணப்பப் படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேர்க்க வேண்டும்: மூன்றாண்டுக்கு முன் நீங்கள் வென்ற ஒப்பந்தம் இன்று எந்த நிலையில் இருக்கிறது? நீங்கள் தோற்ற முன்மொழிவுகளில் இன்றும் பெருமைப்படுவது எது, ஏன்? எந்த டெண்டரைப் போட வேண்டாம் என்று தடுத்தீர்கள்? இவற்றுக்கு நல்ல பதில் வைத்திருப்பவர், வெற்றி விகிதம் எதுவானாலும், மேடைக்கு முதலில் அழைக்கப்பட வேண்டியவர்.