நல்ல மனதோடு ஒரு தரகு

சென்ற வருடம் கொழும்பிலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் பேசினாள். அவளுக்குக் குழந்தை பிறந்து சில மாதங்கள்தான். "மாமா, உங்கட பக்கம் ஏழைப் பிள்ளை ஒண்டு கிடைக்குமா? பெரிய வேலை ஒண்டுமில்ல. குழந்தையைப் பார்த்துக்கொண்டாப் போதும். சின்னப் பிள்ளையா இருந்தா நல்லம், சொல்லுக் கேட்கும்" என்றாள்.

நான் இருப்பது லிங்கநகரில். ஆனால் நெடுங்காலம் படிப்பித்தது மூதூர்ப் பக்கத்துப் பாடசாலைகளில். என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள்கூட இப்போது பாடசாலை போகிறார்கள். ஆகவே யாரைக் கேட்கலாம் என்று யோசிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. கணவனை இழந்து, நெல் அவித்துக் குத்தி விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய் நினைவுக்கு வந்தார். அவரும் என் மாணவிதான். உடனே அவரை அழைத்தேன். ஒரு குடும்பத்துக்கு உதவியும் ஆச்சு, மருமகளுக்கு ஒத்தாசையும் ஆச்சு என்பதே என் மனதில் இருந்தது.

அந்தத் தாய் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க சொன்னாச் சரி சேர். பிள்ளைக்குப் பதினைஞ்சு முடிஞ்சிட்டு. ஆரும் கேட்டாப் பதினெட்டு எண்டு சொல்லிக்கொள்ளலாம்."

எந்த ஊர், எந்தத் தெரு, எவ்வளவு சம்பளம், எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று அவர் கேட்கவில்லை. வயதைக் கூட்டிச் சொல்லும்படி நானும் சொல்லவில்லை. அவருக்கே அது தெரிந்திருந்தது.

மூதூரில் அது ஏன் தெரியாமலிருக்கும்? ஷாபி நகரில் விறகு வெட்டிப் பிழைத்த குடும்பத்தின் பிள்ளை றிஸானா நபீக். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அவள் பிறந்தது 1988 பெப்ரவரி 4. கடவுச்சீட்டிலோ 1982 பெப்ரவரி 2. யாரோ ஒருவர் ஆறு வருடங்களைக் கூட்டி எழுதியதால், பதினேழு வயதுப் பிள்ளை இருபத்து மூன்று வயதுப் பெண்ணாக 2005 மே மாதம் சவூதி அரேபியாவுக்குப் போனாள். சுனாமி வந்துபோய் ஐந்து மாதமே ஆகியிருந்தது. அந்த மாதமே, மே 22இல், அவள் பார்த்துக்கொண்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. 2007 ஜூனில் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது.

லிங்கநகரிலிருந்து மூதூர் போகிறவர்கள் முன்பு கடலைக் கடக்கவோ துறைகளில் காத்திருக்கவோ வேண்டும். 2009இல் சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பாலம் திறந்த அன்று றிஸானா தவாத்மிச் சிறையில் இருந்தாள். அந்தப் பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு இது நினைவுக்கு வரும். அப்படி நினைத்த நான்தான் இந்தத் தொலைபேசி அழைப்பையும் எடுத்தேன்.

ஆள் கடத்தல் என்றவுடன் நமக்குத் தோன்றுவது இருட்டில் வரும் வாகனமும் வாயைப் பொத்தும் கையும்தான். அப்படி நடப்பது அரிது. பெரும்பாலும் தெரிந்தவர் வருகிறார். அவர் உறவினர், ஊர்ப் பெரியவர், முன்பே வெளிநாடு போய் வந்த ராத்தா, சப் ஏஜென்ட். முற்பணம் ஒன்று கைமாறுகிறது. பிறகு அந்தப் பணமே கடனாகி, திரும்பி வர நினைப்பவளின் காலைக் கட்டிவிடுகிறது. யூசுப் நபியின் சரித்திரமும் இப்படித்தானே தொடங்குகிறது? தந்தையிடம் வந்து, தம்பியை எங்களோடு அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டவர்கள் அந்நியர்கள் அல்லர். கிணற்றிலிருந்து தூக்கியது வேறொரு கூட்டம். விற்றது சில வெள்ளிக் காசுகளுக்கு. வாங்கியவரோ, இவனைக் கண்ணியமாக வைத்துக்கொள் என்று மனைவியிடம் சொன்னவர். அத்தனை கைகள் மாறியும் ஒரு சுதந்திரமான பிள்ளை அடிமையாவதை எந்தக் கையும் தடுக்கவில்லை.

இங்கேதான் என் கேள்வி எழுகிறது. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிப்பிடப்படும் என்று சிறுவயதிலிருந்து ஓதி வளர்ந்தவர்கள் நாம். என் நிய்யத் நல்லது. மருமகளின் நிய்யத்தும் கெட்டதல்ல. தாயின் நிய்யத் மற்றப் பிள்ளைகளின் பசி. எல்லோருடைய எண்ணமும் நல்லதாக இருக்க, ஒரு பிள்ளையின் பாடசாலையும் பெயரும் வயதும் பறிபோனால், அந்தப் பாவம் யாருடைய கணக்கில் எழுதப்படும்?

நல்ல எண்ணம் என்பது மனதில் தோன்றும் இளக்கம் மட்டுமல்ல என்று இப்போது நினைக்கிறேன். விசாரிக்க வேண்டியதை விசாரிப்பதும் நிய்யத்தின் பகுதிதான். கேட்டால் சங்கடம் வரும் என்று கேட்காமல் விடுகிறவனின் எண்ணம் முழுமையானதல்ல. சுதந்திரமான ஒருவரை விற்று அதன் கிரயத்தை உண்பவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வாதாடுவான் என்ற கருத்துள்ள ஹதீஸ் நமக்குத் தெரியும். கிரயம் என்பது பணம்தானா? "மாமா நல்ல பிள்ளையாப் பார்த்துத் தந்தார்" என்று மருமகள் சொல்லும் நன்றியும் ஒரு கிரயம்தான்.

"அவள் சம்மதித்துத்தானே வந்தாள்" என்று நாம் சொல்லக்கூடும். ஐக்கிய நாடுகள் சபை 2000இல் நிறைவேற்றிய பாலெர்மோ நெறிமுறையை இலங்கை 2015இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சுரண்டுவதற்காகப் பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒருவரைச் சேர்ப்பதோ, கொண்டுசெல்வதோ, பொறுப்பேற்பதோ கடத்தல்தான் என்கிறது அது. பலவந்தமோ ஏமாற்றோ நடந்ததென நிரூபிக்கத் தேவையில்லை. பிள்ளையின் சம்மதம் கணக்கில் வராது. சட்டம் சொல்வதை ஒரு தாயின் குரலில் நான் கேட்டேன். "நீங்க சொன்னாச் சரி சேர்" என்பது சம்மதமா? மறுக்க வழியில்லாதவர் சொல்லும் சரியை எப்படிச் சம்மதம் என்பது?

நமக்குக் கசக்கக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். றிஸானாவுக்காக நாம் அழுதோம், கவிதை எழுதினோம், பள்ளிவாசல்களில் துஆக் கேட்டோம். 2021 ஜூலை 15இல் டயகமவின் தோட்டப் பிள்ளை ஹிஷாலினி பதினாறு வயதில் தீக்காயங்களோடு கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இறந்தாள். அவள் வேலை செய்தது நமது சமூகத்து அரசியல்வாதி ஒருவரின் வீட்டில். தரகர் ஒருவர் மூலம் அங்கே வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பதினாறுகூட ஆகவில்லை. வீட்டாரில் சிலரோடு தரகரும் கைதானார். யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அப்போது நம்மில் பலர் இது அரசியல் என்று சொல்லி விஷயத்தை முடித்துக்கொண்டோம். நம் பிள்ளை பிறர் வீட்டுச் சமையலறைக்குப் போனபோது புரிந்த அநியாயம், பிறர் பிள்ளை நம் வீட்டுச் சமையலறைக்கு வந்தபோது புரியாமல் போனது. அந்த வருடமே பதினெட்டு வயதுக்குக் குறைந்தோரை வீட்டு வேலைக்கு வைப்பது தடைசெய்யப்பட்டது. சட்டம் வந்துவிட்டது. "பிள்ளை மாதிரி வைத்திருக்கிறோம்" என்ற வார்த்தையை நாம் இன்னும் விடவில்லை. நம் சொந்தப் பிள்ளையைப் பதினைந்து வயதில் யார் வீட்டுக்கு அனுப்புவோம்?

மருமகளிடம் முடியாது என்று சொன்னேன். அவளுக்குக் கோபம். தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவரே அழைத்தார். வேறொருவர் முற்பணத்தோடு வந்திருக்கிறாராம். என்ன சொல்வது என்று கேட்டார். வீட்டாரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வந்தவருடைய அடையாள அட்டையின் பிரதியை வாங்குங்கள். பிள்ளையின் உண்மையான வயதைச் சொல்லுங்கள். 1929க்கு அழைத்துச் சிறுவர் அதிகாரசபையிடம் கேட்ட பிறகுதான் முடிவு என்றும் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் அப்படியே சொன்னாராம். வந்தவர் தேநீரைக்கூடக் குடித்து முடிக்காமல் எழும்பிப் போய்விட்டாராம்.

இதை என் வெற்றியாக எழுதவில்லை. அந்த வீட்டின் அடுப்பு அன்றும் அரைவயிற்றுக்குத்தான் எரிந்தது. அடுத்து வருபவர் இன்னும் கூடுதலான முற்பணத்தோடு வரலாம். அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிக்கும்வரையாவது அந்த வீட்டுக்கு அரிசி போக வேண்டும். நமது ஊர்களில் ஸகாத் பங்கிடும்போது வறியவர், கடன்பட்டவர் என்று பட்டியல் போடுகிறோம். தரகர் வாசலுக்கு வந்துபோன வீடு எது என்றும் அங்கே யாராவது கேட்டால் என்ன?

எங்கள் மஹல்லாக் கூட்டம் அடுத்த வாரம். இந்தக் கேள்வியை அங்கே நான் கேட்கவிருக்கிறேன்.