எதிரில் ஒருவர்

1

ஆடு புலி ஆட்டத்துக்குக் கட்டம் வரைய ஒரு சாக்பீஸ் போதும். உச்சியிலிருந்து இறங்கும் கோடுகள், குறுக்கே ஓடும் கோடுகள், 23 சந்திப்புகள். புலி 3, ஆடு 15. பழைய கோயில் மண்டபங்களில் தரைக்கல்லிலேயே இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் குழுக்களாகப் பிரிந்திருக்கிறார்கள். குழுவுக்கு ஒரு பழைய ஆட்டம். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கற்று, கையால் செய்து, மற்றக் குழுக்களுக்குச் சொல்லித்தர வேண்டும். ‘விளையாட்டு என்பது என்ன?’ என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறது. அதற்கு விடை எழுத யாரும் உட்காரவில்லை. புளியங்கொட்டை பொறுக்கப் போய்விட்டார்கள். விடை கிடைக்கிற இடம் அதுதான் என்று எனக்கும் தோன்றுகிறது.

2

மூன்றுக்குப் பதினைந்து என்பது நியாயமா என்று ஒரு குழுவுக்குச் சந்தேகம். புலி மூன்று, ஆடு மூன்று என்று ஆடிப் பார்த்தார்கள். புலிகள் ஆடுகளை வெட்டித் தீர்த்தன; ஆட்டம் தொடங்கியதுமே முடிந்தது. ஒரே புலியை வைத்தார்கள். ஆடுகள் அதைச் சுற்றி வளைத்து நகரவிடாமல் நிறுத்திவிட்டன. யாரும் சொல்லாமலே பழைய கணக்குக்குத் திரும்பினார்கள்.

புலிக்குத் தாண்டி வெட்டும் பலம். ஆட்டுக்குச் சேர்ந்து நின்று வழியடைக்கும் பலம். இரண்டும் வேறு வேறு. எண்ணிக்கையைச் சமமாக்கினால் நியாயம் வந்துவிடாது. இரு பக்கமும் ஜெயிக்க இடமிருந்தால்தான் வரும். ஒரு பாடப்புத்தகம் இதைப் பல பக்கங்களில் விளக்கக்கூடும். இவர்கள் கூழாங்கற்களை நகர்த்தியே கண்டுபிடித்துவிட்டார்கள்.

3

பல்லாங்குழிக் குழு களிமண்ணில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் செய்து காயவைத்தது. சண்டை அதன் பிறகுதான். ஒருத்தியின் பாட்டி குழிக்கு ஐந்து முத்து என்றாராம், இன்னொருத்தியின் பாட்டி ஆறு என்றாராம். நான்கு முத்து சேர்ந்தால் அது ‘பசு’ என்பதில் எல்லோருக்கும் ஒப்புதல். அதை யார் எடுத்துக்கொள்வது என்பதில் மறுபடியும் வழக்கு.

1932இல் வெளிவந்த நூல் ஒன்றில் உளவியலாளர் ழான் பியாஜே, சுவிட்சர்லாந்துச் சிறுவர்களோடு கோலிக்குண்டு பற்றிப் பேசியதை எழுதியிருக்கிறார். சிறு பிள்ளைகளுக்கு விதி என்பது அப்பாவிடமிருந்தோ கடவுளிடமிருந்தோ வந்தது, அதைத் தொடக்கூடாது. வளர்ந்த பிள்ளைகள், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்கிறார்கள். இங்கே வழக்கு இப்படித் தீர்ந்தது: “ரெண்டு பாட்டி சொன்னதும் சரி. நம்ம கிளாஸுக்கு அஞ்சு.” ஒரு சட்டம் பிறப்பதை இவ்வளவு அருகில் பார்ப்பது அரிது. தாங்களே ஒப்புக்கொண்ட விதி என்பதால் அதற்குப் பிறகு அதைக் காவல் காக்க ஆசிரியர் தேவைப்படவில்லை.

4

“போங்கு! போங்கு!” என்று ஒரு கூச்சல். ஒருவன் முத்தை உள்ளங்கையில் ஒளித்துவிட்டான். அவனைத் திட்டினார்கள், முத்தைப் பிடுங்கினார்கள், ஆட்டம் தொடர்ந்தது. இன்னொருவன் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் எல்லா முத்தையும் கலைத்துவிட்டு எழுந்தான். அவனை யாரும் திட்டவில்லை. அமைதியாகிவிட்டார்கள்.

டச்சு வரலாற்றாளர் யோஹான் ஹுய்சிங்கா 1938இல் ‘ஹோமோ லூடன்ஸ்’ நூலில் இந்த வேறுபாட்டைச் சொன்னார். ஏமாற்றுகிறவன் ஆட்டத்தை ஏற்றுக்கொண்டதுபோலாவது நடந்துகொள்கிறான். ஆட்டத்தைக் கலைக்கிறவனோ, மற்றவர்கள் சேர்ந்து எழுப்பிய உலகத்தையே இல்லாமல் ஆக்கிவிடுகிறான். அந்த அமைதியின் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். சற்று நேரம் கழித்து அவனைத் திரும்ப ஆட அழைத்தவள், அவனுக்கு எதிராக ஜெயித்துக்கொண்டிருந்தவள். அவன் இல்லாமல் அவளுக்கு வெற்றி கிடையாது.

5

எதிரில் ஆள் இல்லாமல் ஆட்டம் இல்லை என்பதை நம் பழைய ஆட்டங்கள் நன்றாக அறிந்திருக்கின்றன. பல்லாங்குழியில் முத்து குறைந்தவர் வெளியேறுவதில்லை. இருக்கிற முத்தால் எத்தனை குழி நிரம்புமோ அத்தனையை நிரப்பி, மீதியை விட்டுவிட்டு அடுத்த ஆட்டத்தில் இறங்குகிறார். இழந்த குழிகளை மீட்கவும் முடியும். கல்லா மண்ணாவில் யாரோ இழுத்து வந்த தங்கச்சி, ஒப்புக்குச் சப்பாணியாகக் கூடவே ஓடுகிறாள். பிடிபட்டாலும் அவள் அவுட் இல்லை. ஓடி ஓடி, ஒருநாள் தானாகவே முழு ஆட்டக்காரி ஆகிவிடுகிறாள். தோற்றவரையும் சிறியவரையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை எந்த நிபுணர் குழுவும் வகுக்கவில்லை. தெருவும் திண்ணையும் வகுத்தன.

6

ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989இல் ஏற்கப்பட்டது. அதன் 31ஆம் பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. அரசும் பள்ளியும் அதற்கு நேரம் தரலாம், இடம் தரலாம், தந்தே ஆகவேண்டும். ஆனால் எதிரில் உட்கார ஒருவர் மனம்வைத்தால்தான் அந்த உரிமை நிறைவேறும். இந்தப் பிள்ளைகள் மண் பிசைந்தும் வழக்காடியும் என்னிடம் கொண்டுவந்து சேர்த்த பொருள் இதுதான்: எதிரில் இருப்பவர் போய்விடாதபடி ஆடுவதே விளையாட்டு.

செயல்திட்டத்துக்கு மதிப்பெண் போட்டாக வேண்டும் என்கிறார்கள். பலகையின் அழகுக்கோ அறிக்கையின் நீளத்துக்கோ போட வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒன்று கேட்டால் போதும்: உன்னோடு ஆடியவர் மறுபடியும் உன்னோடு ஆட வந்தாரா?