முட்டை ஓடும் நம் கருணையும்

சென்ற ஆண்டு விழுப்புரத்திலுள்ள நம் தமக்கையார் எட்டு வாத்து முட்டைகளை வைக்கோலில் பொதிந்து, திண்டிவனத்திலுள்ள நம் இல்லத்திற்கு அனுப்பியிருந்தார். அழகுக்காக வளர்க்கப்பெறும் மணிலா வாத்தின் முட்டைகள் அவை. (நம் வட்டாரத்தில் மணிலா என்றால் நிலக்கடலை. கடலையும் இவ்வாத்தும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை; இரண்டுக்கும் பிலிப்பைன்ஸ் நகரொன்றின் பெயர் ஒட்டிக்கொண்டது வேடிக்கையே.) அடைக்கோழி ஒன்றின் கீழ் அவற்றை வைத்தோம். கோழிக்குஞ்சு 21 நாளில் வெளிவரும். நாட்டு வாத்துக்கு 28 நாள். மணிலாவுக்கோ 35 நாள். கோழி பொறுமையோடு அமர்ந்திருந்தது. பொறுமை இழந்தவர் நாமே.

35ஆம் நாள் மாலை ஒரு முட்டையில் சிறு விரிசல் கண்டது. உள்ளிருந்து மெல்லிய குரலும் எழுந்தது. ஸுப்ஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தபோதும் விரிசல் வளரவில்லை. ஓர் உயிர் உள்ளே தவிக்க, நாம் கைகட்டி நிற்பதா? முட்டையின் ஓட்டை நகத்தால் பெயர்த்தோம். உள்சவ்வில் நூலளவு இரத்தம் கசிந்தது, நிற்கவில்லை. சற்று நேரத்தில் குஞ்சு அடங்கிவிட்டது.

“உங்கள் நிய்யத் நல்லதுதானே, அத்தா” என்றாள் மகள்.

அந்த ஆறுதலை நம்மால் ஏற்க இயலவில்லை. எண்ணமே செயலுக்கு அடிப்படை என்று மாணவர்க்கு ஆண்டுதோறும் ஓதிக்கொடுப்பவர் நாம். ஆயினும், மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்தால் விளையும் தீங்குக்கு அவரே பொறுப்பாவார் என்னும் கருத்துடைய நபிமொழியும் அபூதாவூதில் உண்டு. சட்ட நூலோர் இப்பொறுப்பை ‘ளமான்’ என்பர். நல்லெண்ணம் நமக்கு மறுமையில் துணை நிற்கலாம். மாண்ட குஞ்சுக்கு அது என்ன செய்யும்?

கால்நடை மருத்துவர் ஒருவர் பின்னர் விளக்கினார். முதல் விரிசலுக்குப் பின் குஞ்சு ஒரு நாளோ, அதற்கு மேலுமோ அசையாதிருப்பது இயல்பு. அவ்வேளையில்தான் சவ்விலுள்ள இரத்தம் அதன் உடலுக்குள் திரும்புகிறது; எஞ்சிய மஞ்சள் கரு வயிற்றுக்குள் ஈர்க்கப்படுகிறது. நாம் தவிப்பென்று கண்டது அதன் ஆயத்தமே.

இதைக் கேட்டபின் மற்றொரு முட்டையை அச்சத்தால் தொடாதிருந்தோம். இரண்டு நாள் கழித்து அதன் குரலும் நின்றது. உடைத்துப் பார்த்தால், சவ்வு காய்ந்து தோல்போல் குஞ்சின்மீது ஒட்டியிருந்தது. தாய் வாத்து நீராடிய ஈர இறகோடு வந்து முட்டைமீது அமரும். கோழிக்கு அவ்வழக்கம் இல்லை. அக்குறையை நாமன்றோ நீர் தெளித்து நிரப்பியிருக்க வேண்டும்? விரிசல் கண்டபின்னும், வெதுவெதுப்பான நீரால் சவ்வை நனைத்து, இரத்தநாளம் இல்லாத இடத்தில் சிறிது சிறிதாக விலக்கியிருந்தால் அது பிழைத்திருக்கலாம். முதல் குஞ்சைக் கொன்றது நம் அவசரம். இரண்டாவதைக் கொன்றதைப் பொறுமை என்று சொல்லிக்கொள்ள நாவு கூசுகிறது.

அரபியில் கருணைக்கு ‘ரஹ்மத்’ என்றும் கருவறைக்கு ‘ரஹிம்’ என்றும் பெயர். இரண்டுக்கும் வேர் ஒன்றே. இதனைப் பாடமாகப் பலமுறை சொல்லியிருக்கிறோம். கருவறை தன்னுள் இருப்பதைக் காலம் வரும்வரை விடாது. காலம் வந்தபின் வைத்துக்கொள்ளவும் செய்யாது. பாடம் ஓதும் சிறுவன் ஒரு சொல்லில் தயங்கினால் உடனே எடுத்துக்கொடுத்துவிடும் நம் வழக்கம் அப்போது நினைவில் உறுத்தியது. அவன் எங்கே நினைவு கூர்கிறான், எங்கே உண்மையில் சிக்கிக்கொண்டான் என்று நாம் உற்றுப் பார்த்ததுண்டா? பிள்ளைகளின் திருமணம், தொழில் என்று பெற்றோர் கைவைக்கும் இடங்களிலும் இக்கேள்வி உண்டு.

எஞ்சிய ஆறில் ஒன்று கூமுட்டை. ஐந்து தாமே பொரித்தன. இவ்வாண்டும் தமக்கையார் முட்டைகள் அனுப்பியுள்ளார். இன்று 31ஆம் நாள். நாள்தோறும் நீர் தெளித்து வருகிறோம். கைவிளக்கும் வெந்நீர்க் கிண்ணமும் கூடையருகே இருக்கின்றன.