திங்கட்கிழமை சைக்கிள்

ஞாயிறு விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் பக்கம் சைக்கிள் கூட்டம் வரும். தலைக்கவசம், பின்னால் சிமிட்டும் சிவப்பு விளக்கு. நல்ல விஷயம். என் கவலையெல்லாம் திங்கட்கிழமை சைக்கிளைப் பற்றித்தான். கேரியரில் சோற்றுத் தூக்கு, ஹேண்டில்பாரில் மஞ்சப்பை. சிற்பக் கூடத்துக்கோ விடுதிச் சமையலறைக்கோ வேலைக்குப் போகிறவரின் வண்டி அது. இரவு அந்த வண்டி இருட்டிலேயே வீடு திரும்பும்.

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென 2001-02இல் தமிழக அரசு தொடங்கிய சைக்கிள் திட்டம், பிறகு மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில், பள்ளி விடும் நேரத்தில் அந்த சைக்கிள்களைப் பார்க்கலாம். அதில் பள்ளிக்குப் போன பையன் வேலைக்குச் சேர்ந்ததும் தவணையில் பைக் எடுக்கிறான். சம்பளத்தில் ஒரு பங்கு தவணைக்கும் பெட்ரோலுக்கும் போகிறது. சைக்கிளை விடக் காரணம் சோம்பல் இல்லை, பயம். சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே லாரி, வெளியே மணல். சைக்கிள் எங்கே போகும்?

புகையில்லாமல் வேலைக்குப் போய்வருகிறவருக்குச் சுற்றுச்சூழல் பாடம் எதற்கு? அவருக்கு வேண்டியது பாதைதான். சாலையோர மணலை வாரி, ஒன்றரை மீட்டருக்குத் தார் போடுங்கள். அங்கே கார் நிறுத்த விடாதீர்கள்.